தானாய்க் கரைந்த கட்டியும் ஒரு கிளினிக் கொப்பியும்

மருந்து கொடுக்காமல், கத்தி படாமல், ஒரு புற்றுநோய்க் கட்டி தானாகவே சுருங்கி மறைவது நடக்கிற காரியம்தான். விஞ்ஞானம் படிப்பித்த வாத்தியார் இதைப் பொய் என்று நிறுவத்தான் போகிறார் என்று நினைத்து வந்தவர்கள் ஏமாறப் போகிறீர்கள். நடக்கிறது. மருத்துவ இதழ்களில் பதிவாகியும் இருக்கிறது. என்னுடைய கவலை வேறு. திருகோணமலையில் ஒருவருக்கு அப்படி நடந்தால் அந்தச் செய்தி எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் அது.

1966இல் டில்டன் எவர்சன், வாரன் கோல் என்ற இரண்டு அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர்கள், 1900ஆம் ஆண்டு முதல் வெளிவந்த மருத்துவ அறிக்கைகளைச் சலித்தெடுத்து, நம்பக்கூடியவை என்று 176 பேருடைய கதைகளைத் தொகுத்தார்கள். சலிப்பு கடுமையானது. பயொப்சி செய்து, அதாவது சதைத்துண்டு ஒன்றை வெட்டியெடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்து, இது புற்றுநோய்தான் என்று உறுதிப்பட்டிருக்க வேண்டும். சிகிச்சை எதுவும் நடந்திருக்கக் கூடாது, அல்லது நடந்தது கட்டியைக் கரைக்கப் போதாததாக இருக்க வேண்டும். முழுதாக மறைந்தாலும் சரி, ஒரு பங்கு சுருங்கினாலும் சரி, கணக்கில் எடுத்தார்கள். ஆனால் இதற்கு 'சுகம்' என்று பொருள் கொள்ள வேண்டாம் என்றும் கூடவே எழுதி வைத்தார்கள். கட்டி திரும்பி வரலாம், வந்தும் இருக்கிறது.

60,000 நோயாளர்களில் ஒருவர், ஒரு லட்சத்தில் ஒருவர் என்றெல்லாம் ஒரு கணக்கு அன்றிலிருந்து சுற்றி வருகிறது. எனக்கு அந்தக் கணக்கில் பிடிப்பில்லை. எல்லா வகைப் புற்றுநோயையும் ஒரே சாக்கில் போட்டுக் குலுக்கி எடுத்த எண் அது. ஏன் பிடிப்பில்லை என்பதற்குப் பெரியப்பாவின் கழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரியப்பா துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், உப்புவெளியில் வீடு. சவரம் செய்யும்போது கழுத்தில் ஏதோ உருளுகிறது என்று கண்டுபிடித்தவர் அவரேதான். ஒன்றல்ல, மூன்று நான்கு. நோகவில்லை, காய்ச்சல் இல்லை, சாப்பாடும் குறையவில்லை. ஒன்றை வெட்டிப் பயொப்சிக்கு அனுப்பினார்கள். ஃபொலிகியூலர் லிம்போமா என்று ரிப்போட் வந்தது. நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய், மெதுவாக நகர்கிற வகை. டொக்டர் சொன்னதுதான் வீட்டைக் குழப்பியது: இப்போதைக்கு மருந்து எதுவும் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும்.

"கான்சர் எண்டும் சொல்லுறாங்கள், மருந்து வேண்டாம் எண்டும் சொல்லுறாங்கள். கைவிட்டுட்டாங்கள் எண்டதை இப்பிடித்தானே சொல்லுவினம்?" என்று பெரியம்மா அழுதார். கைவிடவில்லை. இந்த வகையில் உபத்திரவம் எதுவும் இல்லாதவருக்கு முதல் நாளே மருந்தை ஏற்றுவதால் ஆயுள் கூடுவதில்லை. அதனால் உலகம் முழுக்க இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் முறை. நான் விளக்கினேன். பெரியம்மாவுக்கு அந்த நேரம் என்னிடம் விளக்கம் தேவைப்படவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதைதான். கோணேசருக்கு நேர்த்தி. பத்திரகாளியம்மனுக்கு இன்னொரு நேர்த்தி. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஏழிலும் வாளியால் மொண்டு வார்த்தது. தம்பலகாமத்திலிருந்து ஓர் உறவினர் கொண்டுவந்து கொடுத்த அன்னமுன்னா இலையை அவித்து விடியப்புறம் ஒரு கோப்பை. சில மாதங்களில் கழுத்தில் இருந்த உருண்டைகள் ஒவ்வொன்றாகத் தேடினாலும் கைக்குத் தட்டுப்படாமல் போய்விட்டன. நானே தடவிப் பார்த்தேன். இல்லை.

நம்முடைய ஊரில் மான்கள் யாரையும் கேட்காமல் ஒவ்வொரு ஒழுங்கைக்குள்ளும் நுழைவதுபோல இந்தச் செய்தியும் நுழைந்தது. வட்ஸ்அப்பில் யாரோ இலையின் படத்தையும் போட்டுவிட்டார்கள். கட்டி கரைந்தது உண்மை, இலை குடித்ததும் உண்மை. இரண்டுக்கும் நடுவே ஒரு 'ஆகையால்' வந்து உட்கார்ந்துகொண்டது. பெரியப்பாவுக்கு வந்தது என்ன வகை என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஸ்டான்போர்டில் மருந்து தொடங்காமல் கவனித்து வந்த, மெதுவாக வளரும் லிம்போமா உள்ள 83 பேரைப் பற்றி 1984இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் 19 பேருக்குக் கட்டிகள் தாமாகச் சுருங்கியிருந்தன. நூற்றுக்கு 23. லட்சத்தில் ஒன்று எங்கே, நாலில் ஒன்றுக்குக் கிட்ட எங்கே! அந்த 19 பேரும் அன்னமுன்னா இலை குடித்ததாகத் தெரியவில்லை. பெரியப்பாவின் கழுத்தில் நடந்தது அந்த நோயின் சுபாவத்துக்குள் அடங்குகிற விஷயம். அதே ஆய்வில் பெரும்பாலானோருக்குப் பிற்பாடு சிகிச்சை தேவைப்பட்டது, பாதிப்பேருக்கு மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே.

சிறுநீரகப் புற்றுநோயும் இப்படிப்பட்ட சுபாவம் உள்ளதுதான். சிறுநீரகத்தை எடுத்த பிறகு நுரையீரலில் பரவியிருந்த புள்ளிகள் தானாக மறைந்த கதைகள் பல உண்டு. 1998இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. பரவிய சிறுநீரகப் புற்றுநோய் உள்ள 197 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒரு பாதிக்கு இன்டர்பெரோன் காமா என்ற மருந்தும் மறுபாதிக்கு வெறும் போலி ஊசியும் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களில் 4.4 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. போலி ஊசி பெற்றவர்களில் 6.6 சதவீதத்தினருக்கு! வித்தியாசம் தற்செயலுக்குள் அடங்கும், மருந்து வேலை செய்யவில்லை என்பதுதான் முடிவு. ஆனால் அந்தப் போலி ஊசி வரிசையில் இருந்த ஒருவர் ஊசிக்குப் பதிலாக ஏதாவது கசாயம் குடித்திருந்தால் இன்று அந்தக் கசாயத்துக்கு ஒரு கடை இருந்திருக்கும்.

எல்லாவற்றிலும் வியப்பானது குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா. கருவில் நரம்பாக வளர வேண்டிய கலங்கள் வழி தவறி உண்டாக்கும் கட்டி. ஈரல், தோல், எலும்பு மச்சை வரை பரவிய கைக்குழந்தைகளில் சிலருக்கு அது தானாக அடங்கிவிடுகிறது. 1971இலேயே இதைத் தனி நிலையாக வகுத்து 4எஸ் என்று பெயரிட்டார்கள். கலங்கள் தாமாக மடிந்துபோகின்றன, அல்லது தாமதமாகவேனும் முதிர்ந்து சாதுவான நரம்புக் கலங்களாகிவிடுகின்றன. ஜப்பானில் 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஆறு மாதக் குழந்தைகள் எல்லோருக்கும் சிறுநீர்ச் சோதனை செய்து இந்த நோயைத் தேடினார்கள். நிறையவே அகப்பட்டது. ஆனால் 2002இல் ஜெர்மனியிலிருந்தும் கியூபெக்கிலிருந்தும் வந்த ஆய்வுகள், இப்படித் தேடிப் பிடிப்பதால் இறப்புக் குறையவில்லை என்று காட்டின. தானாக மறைந்திருக்கக்கூடிய கட்டிகளைத் தேடிப் பிடித்து, பச்சைக் குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சையும் மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். ஜப்பான் 2004இல் அந்தத் திட்டத்தை நிறுத்தியது. பெரிய பிள்ளைகளுக்கு வரும் அதே நியூரோபிளாஸ்டோமா அப்படி இரக்கம் காட்டுவதில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் வயது மாறினால் சுபாவம் மாறுகிறது.

இலையின் படம் சுற்றத் தொடங்கிய காலத்தில், எங்கள் ஒழுங்கை முகப்பில் ஓட்டோ ஓட்டுகிற ஒருவர் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். புகையிலையோடு வெற்றிலை போடுகிறவர்.

"சேர், பெரியையாவுக்குக் குடுத்த இலை எதெண்டு ஒருக்காக் காட்டுங்கோ."

"ஆருக்குத் தம்பி?"

"எனக்குத்தான்."

வாயைத் திறந்து காட்டினார். கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு, அதன் நடுவில் சிவந்த புண். எவ்வளவு காலமாக என்று கேட்டேன். தைப்பொங்கலுக்கு முந்தி என்றார். அப்போது சித்திரை பிறந்திருந்தது.

"பெரியப்பாவுக்கு வந்தது வேற, இது வேற. இது என்னெண்டே இன்னும் பாக்கேல்லயே. நாளைக்கு விடிய ஆசுபத்திரிப் பல்லுக் கிளினிக்குக்குப் போங்கோ."

"நோவில்லையே சேர்."

"நோவில்லாததுதான் எனக்குப் பயமா இருக்கு."

இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப்புற்றுநோய்க்குத்தான். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சிகரெட், சாராயம் என்று அதற்கான காரணங்கள் வெளிச்சமானவை. எவர்சனும் கோலும் சேர்த்த கதைகளில் பாதிக்கு மேல் சிறுநீரகம், நியூரோபிளாஸ்டோமா, தோலில் வரும் மெலனோமா, கருவோடு தொடர்புடைய கோரியோகார்சினோமா என்ற நான்குக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. தானாகக் கரையும் என்று காத்திருக்கக்கூடிய இடம் வாய் அல்ல. ஆனால் ஆரம்பத்தில் பிடித்தால் வெட்டி எடுத்தே குணமாக்கக்கூடிய இடம். அவருக்கு வெட்டினார்கள். வாய் முன்போல அகலத் திறக்கவில்லை என்பதும், வெற்றிலை இல்லாமல் இரவு ஓட்டம் ஓட முடியவில்லை என்பதும்தான் இப்போது அவருடைய முறைப்பாடு. பெரியம்மா அவருக்கும் ஒரு கட்டு இலை கொடுத்தனுப்பினார் என்று பிறகு அறிந்தேன். நல்ல காலம், கிளினிக்குக்கும் போனார்.

எல்லோரும் போவதில்லை. அமெரிக்காவில் 2004 முதல் 2013 வரை புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களில், வழமையான சிகிச்சையைத் தவிர்த்து மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேரை யேல் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். வழமையான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களுக்கு இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு. மார்புப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். இலை குடித்துப் பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்வார். இலை குடித்து இறந்தவருடைய வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்க மாட்டார்கள். கதைகள் இப்படித்தான் ஒரு பக்கமாகச் சாய்கின்றன.

அப்படியானால் அபூர்வமாகத் தப்பியவர்களின் கதைகளைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடவே கூடாது. புற்றுநோய் வைத்தியத்தின் ஒரு பெரிய கதவு அவர்களால்தான் திறந்தது.

வில்லியம் கோலி என்ற நியூயோர்க் சத்திரசிகிச்சை நிபுணர், எலும்பில் சார்கோமா (எலும்பு, தசை போன்றவற்றில் வரும் புற்றுநோய்) வந்த ஓர் இளம்பெண்ணைக் காப்பாற்ற முடியாமல் 1891இல் பறிகொடுத்தார். மனம் ஆறாமல் வைத்தியசாலையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். கழுத்தில் சார்கோமா வந்து, பலமுறை வெட்டியும் அடங்காத ஒரு ஜெர்மன் குடியேறியைப் பற்றிய குறிப்பு அகப்பட்டது. பெயர் ஸ்டைன். அவருக்கு எரிசிபெலஸ் என்ற தோல் தொற்று வந்து கடும் காய்ச்சல் அடித்திருக்கிறது. காய்ச்சலோடு கட்டியும் கரைந்துபோக, அவர் வீட்டுக்குப் போய்விட்டார். கோலி ஏட்டை மூடி வைக்கவில்லை. லோவர் ஈஸ்ட் சைட்டின் நெருக்கடியான குடியிருப்புகளில் அலைந்து அந்த மனிதரைத் தேடிப் பிடித்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் ஆள் உயிரோடு, கழுத்தில் தழும்போடு இருந்தார்.

அதன் பிறகு கோலி செய்ததை இன்றைய ஒழுக்கக் குழு எதுவும் அனுமதிக்காது. நோயாளிகளுக்கு வேண்டுமென்றே எரிசிபெலஸை உண்டாக்கும் பற்றீரியாவை ஏற்றினார். உயிருள்ள கிருமி ஆளையே கொல்லக்கூடியது என்று கண்டு, கொன்ற பற்றீரியாக்களைக் கலந்து ஒரு மருந்து செய்தார். 1893இல் அதைப் பெற்ற, வயிற்றில் பெரிய சார்கோமா இருந்த ஒரு பதின்ம வயதுப் பையன் மேலும் 26 ஆண்டுகள் வாழ்ந்தான். பலருக்குப் பலிக்கவில்லை. எப்போது பலிக்கும் என்றும் சொல்ல முடியவில்லை. கதிர்ச் சிகிச்சை வந்ததும் கோலியை ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள்.

1968இல் ஸ்டீவன் ரோசன்பெர்க் என்ற இளம் வைத்தியர், பொஸ்டன் பக்கத்தில் ஒரு முன்னாள் இராணுவத்தினருக்குப் பித்தப்பை வெட்டினார். அந்த மனிதருக்குப் 12 ஆண்டுகளுக்கு முன் வயிற்றுப் புற்றுநோய் ஈரல் வரை பரவி, இனி ஒன்றும் செய்ய இயலாது என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வயிற்றைத் திறந்தால் ஈரலில் ஒரு பொட்டும் இல்லை. அவருடைய இரத்தத்தில் ஏதோ இருக்க வேண்டும் என்று, அதை எடுத்து இன்னொரு வயிற்றுப் புற்றுநோயாளருக்கு ஏற்றியும் பார்த்தார் ரோசன்பெர்க். பயன் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. நோயெதிர்ப்புக் கலங்களைத் தூண்டும் இன்டர்லூக்கின்-2இல் அது கொண்டுபோய் விட்டது. பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு 1992இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அதே கலங்களின் தடைக்கட்டையை விலக்கும் வழியைக் கண்ட ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹொன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

நம்முடைய தோளிலேயே இந்தக் கதையின் ஒரு துண்டு இருக்கிறது. பிறந்தவுடன் போடும் பிசிஜி ஊசியின் தழும்பு. காசநோய்க்கென்று வந்த அதே பிசிஜியை 1976இல் கனடாவில் மொராலெஸ் என்ற வைத்தியர் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, அங்கே மேலோட்டமாக வரும் புற்றுநோய் திரும்பாமல் தடுக்கலாம் என்று காட்டினார். இன்றும் அது வழக்கத்தில் இருக்கிறது. கிருமியைக் காட்டி உடம்பை உசுப்புவது என்ற கோலியின் எண்ணம் வேறு வழியில் உள்ளே வந்துவிட்டது.

இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் பெரியப்பா கிளினிக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று தெரியவந்தது. "சுகமான ஆளுக்கு என்னத்துக்குக் கிளினிக்? அங்க போய்க் குந்தினா இல்லாத வருத்தமும் வந்திடும்" என்றார். வரிசையில் நாள் முழுக்கக் காத்திருந்த ஒருவர் அப்படிச் சொன்னால் கோபிக்க முடியாது. ஆனால் கிளினிக் கொப்பி நோயாளியின் கையில்தான் இருக்கிறது. அவர் போகாவிட்டால் வைத்தியசாலையைப் பொறுத்தவரை அவர் வராமல் நின்றுவிட்ட ஒருவர், அவ்வளவுதான். கட்டி கரைந்ததா, ஆள் செத்தாரா என்று அங்கே யாருக்கும் தெரியப் போவதில்லை. நியூயோர்க்கில் ஸ்டைனைத் தேடிக் கோலி போனார். உப்புவெளிக்கு யார் வரப் போகிறார்கள்? கொஞ்சம் கெஞ்சி, கொஞ்சம் அதட்டி, பெரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு கூட்டிப் போனேன்.

டொக்டர் கழுத்து, அக்குள், கவட்டுப் பக்கம் என்று ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்த்தார். முந்திய அளவுகளைக் கொப்பியில் தேடினார். பிறகு சிங்களத்தில் கேட்க, மிஸ்ஸி தமிழில் சொன்னார்: இடையில் காய்ச்சல், தொற்று ஏதும் வந்ததா? வேறு எதற்காவது மாத்திரை எடுத்தாரா?

"ஒண்டும் இல்லை" என்றார் பெரியப்பா.

"ஏன் இல்லை? மாரியில காய்ச்சலோட முதுகு முழுக்க அக்கி போட்டுக் கிடந்தீங்களே! பரியாரியிட்ட எண்ணெய் வாங்கிப் பூசினது ஆர்?" என்றார் பெரியம்மா.

எனக்கே அது புதிது. இலை, நேர்த்தி, வெந்நீர் எல்லாம் ஊருக்கே மனப்பாடம். அக்கி எந்தக் கதையிலும் வரவில்லை, ஏனென்றால் அதைக் கட்டியோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. அக்கியும் ஒரு வைரஸ் தொற்றுதான். தொற்று ஒன்றுக்குப் பின் லிம்போமா அடங்கிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் உண்டு. 2021இல் பிரித்தானிய இதழ் ஒன்றில், கொவிட் வந்து மீண்ட 61 வயது மனிதர் ஒருவருக்கு ஹொட்ஜ்கின் லிம்போமாக் கட்டிகள் பெருமளவு மறைந்ததை ஸ்கேன் படங்களோடு போட்டிருந்தார்கள். டொக்டர் அவசரப்படவில்லை. அக்கிதான் காரணம் என்று தான் சொல்லவில்லை, ஆனால் எழுதி வைப்பதாகச் சொன்னார். இலையைப் பற்றியும் கேட்டு அதையும் எழுதினார். ஈரலைப் பார்க்க ஓர் இரத்தச் சோதனையும் சேர்த்து எழுதினார். பெரியம்மாவுக்கு அந்த டொக்டரை மிகவும் பிடித்துப்போனது.

அடுத்த ஆண்டு கட்டி திரும்பி வந்தது. இம்முறை அக்குளிலும் வயிற்றுக்குள்ளும். கிளினிக்கில் இருந்தபடியால் நேரத்தோடு பிடிபட்டது. ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தும் கீமோவும் ஏற்றினார்கள், தாங்கிக்கொண்டார், இப்போது அடங்கியிருக்கிறது. கட்டி திரும்பியதற்கு நேர்த்தியில் ஒரு காவடி குறைந்ததுதான் காரணம் என்பது பெரியம்மாவின் முடிவு. அதைப் பற்றி நான் அவரோடு வாதாடுவதில்லை. கோயிலுக்குப் போகிற அதே ஓட்டோவில்தான் கிளினிக்குக்கும் போகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். 'டொக்டர்மார் கைவிட்டது, தானாகச் சுகமாச்சு' என்று திருவிழாவுக்குத் திருவிழா சொல்லப்படுகிற சித்தியோ மாமாவோ. அவரிடம் பயொப்சி ரிப்போட் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல கதைகள் அந்தக் கேள்வியோடு கரைந்துவிடும், ஏனென்றால் முதலில் வந்ததே புற்றுநோயாக இருந்திருக்காது. ரிப்போட் இருந்தால் அதைக் கொப்பியோடு எடுத்துக்கொண்டு அதே கிளினிக்குக்குத் திரும்பிப் போகச் சொல்லுங்கள். அந்த நாட்களில் வந்த காய்ச்சல், புண், குடித்த கசாயம், நிறுத்திய மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. ரிப்போட்டின் தலைப்பில் ஓர் ஆய்வுகூட இலக்கம் இருக்கும். வெட்டியெடுத்த சதைத்துண்டை மெழுகில் பதித்து அந்த இலக்கத்தில்தான் வைத்திருப்பார்கள், காலம் போனால் அது கிடைக்காமலும் போகலாம். கொப்பி வெள்ளத்தில் நனைவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.